ஏழாவது கேள்வி

“எங்கம்மா முதுகு இங்க வேலை பார்த்துதான் போச்சுன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க சார்.”

டாக்டர் அப்போதுதான் ஒருவருடைய கழுத்தைச் சொடுக்கி அனுப்பிவிட்டுக் கையில் கிருமிநாசினியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்ப்பது நிற்கவில்லை. விரல் இடுக்கு, புறங்கை, மணிக்கட்டு என்று பொறுமையாக மேலே ஏறியது. அடுத்தவரை அனுப்பு என்று சொல்வதற்காகத் திறந்த வாய் மட்டும் அப்படியே நின்றது.

கேட்கவே கூடாது என்று அம்மா காலையில் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லியிருந்தாள். தரையில் விரித்த போர்வையில் ஒருக்களித்துக் கிடந்தபடி, சுவரைப் பார்த்துச் சொன்னாள். கால் போனால் போகட்டும், உன் வேலை போய்விடக் கூடாது, டாக்டர் தங்கமான மனுஷர், வாயைத் திறந்து அவர் மனசை நோகடித்துவிடாதே. சொல்லி முடித்துவிட்டுக் கழிவறைக்குப் போக எழுந்தாள். எழுந்தாள் என்று சொல்வது பேச்சுக்குத்தான். கையையும் வலது முழங்காலையும் ஊன்றித் தவழ்ந்தாள். இடது பாதம் ஈரத்துணி மாதிரி பின்னால் இழுபட்டு வந்தது. அதைப் பார்த்த பிறகு மகளுக்கு இட்லியும் இறங்கவில்லை, தேநீரும் இறங்கவில்லை. அம்மாவின் பேச்சும் இறங்கவில்லை.

அந்தக் கைரோபிராக்டிக் மையத்தில் அம்மா நான்கு வருடங்களாகத் துப்புரவு வேலை பார்த்தாள். தெருவில் எல்லோருக்கும் அது ‘சொடக்கு டாக்டர் கடை’. முதுகு பிடித்தவர்கள், கழுத்து திரும்பாதவர்கள், தண்டுவட ஜவ்வு பிதுங்கி இடுப்பைக் கோணலாக வைத்துக்கொண்டு வருகிறவர்கள் என்று மாடி முழுக்கக் கூட்டம். மகள் பட்டம் வாங்கியதும் அம்மாதான் கெஞ்சிக் கூத்தாடி அவளையும் உள்ளே சேர்த்துவிட்டாள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் என்று அம்மா ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லி, இங்கே எல்லோரும் அவளை ‘டிகிரி’ என்றே கூப்பிட்டார்கள். டிகிரி, அந்த ஃபைலை எடு. டிகிரி, ஏசியைக் குறை.

அவளுடைய வேலை, வருகிறவர்களுக்கு எக்ஸ்ரேயைக் காட்டிப் பயமுறுத்துவது. மேனேஜர் அக்கா அதற்கு ‘விளக்குவது’ என்று பெயர் வைத்திருந்தாள். மேசையில் பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்று இருக்கும். இரண்டு எலும்புக்கு நடுவே ஜவ்வு சிவப்பு ரப்பராகத் துருத்திக்கொண்டு, மஞ்சள் நரம்பை அழுத்தும். இதுதான் சார் மெத்தை, இது பிதுங்கினால் நரம்பு நசுங்கும், பாதம் மரத்துப்போகும், இப்போதே இருபத்துநாலு முறை வந்துவிட்டால் நல்லது. ஒன்றரை வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது. அம்மாவுடைய ஸ்கேன் கைக்கு வந்தபோது அதை விளக்க அவளுக்கு யாரும் தேவைப்படவில்லை.

நடந்தது ஆறு வாரத்துக்கு முன்னால். ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டர் ‘முதுகைக் காப்பது எப்படி’ என்று இலவசமாகப் பேசுவார். அதற்கு இடம் வேண்டும். சிகிச்சைக் கட்டில்கள் நான்கையும் சுவரோரம் ஒதுக்க வேண்டும். மோட்டார் வைத்த இரும்புக் கட்டில்கள், சக்கரம் கிடையாது. தரையோ வழவழவென்று மரப்பலகை. ஒரு கீறல் விழக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை. அதனால் அம்மா ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். தரை துடைக்கிற துணியை நனைத்து முறுக்கி, கட்டிலின் ஒவ்வொரு காலையும் நெம்பித் தூக்கி அடியில் செருகுவாள். பிறகு இரண்டாக மடிந்து குனிந்து, துணியோடு சேர்த்துக் கட்டிலை இழுப்பாள். கீறல் விழாது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு எஞ்சினியர் மூளை என்று எல்லோர் முன்னாலும் பாராட்டியிருக்கிறார். அம்மா அந்தப் பாராட்டை ஒரு வாரம் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு மூன்றாவது கட்டிலில் துணி சிக்கியது. வெடுக்கென்று இழுத்தாள். இடுப்புக்குள் ஏதோ அறுந்தது மாதிரி இருந்ததாம். நான்காவது கட்டிலையும் இழுத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். கூட்டம் முடியும்வரை திரைக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரைக்கு முன்னால் டாக்டர் கனத்தை எப்படித் தூக்க வேண்டும் என்று முழங்காலை மடக்கிக் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் மகளை விட இரண்டு வயது மூத்தவளாக ஒரு பெண் டாக்டர், தூக்கம் இல்லாத கண்ணோடு, அம்மாவின் கட்டை விரலை ஊசியால் குத்திப் பார்த்தாள். அம்மா எப்போது குத்தப்போகிறீர்கள் என்று கேட்டாள். குத்தி முடித்திருந்தது. வேலை செய்யும்போது அடிபட்டது என்று முதலாளியிடம் கடிதம் வாங்கி வாருங்கள், தொழிலாளர் காப்பீட்டு ஆஸ்பத்திரியில் அடுத்த வாரமே ஆபரேஷன் செய்துவிடுவார்கள் என்றாள் அந்தப் பெண். கடிதம் இல்லாவிட்டால் இங்கேதான் வரிசை. வரிசை எட்டு மாதம். “அதுக்குள்ள நரம்பு செத்துடும்மா. அப்புறம் நாங்க கத்தி வெச்சாலும் பாதம் தூக்காது.”

அந்தக் கடிதத்தைத்தான் இப்போது அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

டாக்டர் அவளை உட்காரச் சொன்னார். நோயாளிகள் உட்காருகிற நாற்காலி. ஒன்றரை வருடத்தில் அதில் அவள் உட்கார்ந்தது இல்லை. குரலை உயர்த்துகிற ஆள் இல்லை அவர். அம்மா எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். கேட்டதிலிருந்து தனக்கே மனசு சரியில்லை என்றார்.

“உங்கம்மா எனக்குக் கூடப் பிறந்த அக்கா மாதிரி.”

“நாலு வருஷத்துல அந்த அக்கா முதுகை ஒரு தடவைகூட நீங்க தொட்டுப் பார்க்கலையே சார்.”

டாக்டர் சிரித்தார். சிரித்துக்கொண்டே மணியை அழுத்தினார். மேனேஜர் அக்கா ஒரு ஃபைலோடு வந்து நின்றாள். தேடி எடுக்கிற நேரம்கூட ஆகவில்லை. எடுத்துத் தயாராக வைத்திருந்திருக்கிறார்கள்.

அது அம்மா வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த படிவம். டாக்டர் அதை அவள் பக்கம் திருப்பி வைத்து, ஏழாவது கேள்விக்கு நேரே விரலை வைத்தார். இதற்கு முன் முதுகு, இடுப்பு, கழுத்து வலி இருந்ததா? ‘ஆம்’ என்ற கட்டத்தில் அழகாக ஒரு டிக். அதற்குக் கீழே நீல மையில், குண்டு குண்டாக: ‘பன்னிரண்டு வருடங்களாகக் கடுமையான இடுப்பு வலி. குனிய முடியாது. இடது கால் அடிக்கடி மரத்துப்போகும்.’

“யார் கையெழுத்தும்மா இது?” என்றார் டாக்டர். “உங்கம்மாவுக்குத்தான் எழுதத் தெரியாதே.”

அவள் எழுதியதுதான்.

அப்போது அவள் கல்லூரியில் இரண்டாம் வருடம். அந்த வீட்டுக்கு ஒரு படிவம் வந்தால் பக்கத்துத் தெருக் கடைக்காரரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம் என்று ஆன காலம். மசமசவென்று உட்காராமல் பேனாவைத் திறந்தாள். பெயர், வயது, முகவரி என்று கடகடவென எழுதிக்கொண்டே வந்தவள், ஏழாவது கேள்வியை வாசித்துவிட்டு இல்லை என்று போடவா என்றாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“அடிப் பைத்தியமே, முதுகு வலி பார்க்கிற எடத்துல போய் முதுகு வலி இல்லைன்னு எழுதிக் குடுப்பாங்களா? இருக்குன்னு போடு. கொஞ்சம் கூடவே போடு. பார்த்துட்டு ஒரு நாளைக்குக் கூப்பிட்டு ரெண்டு தட்டு தட்டி விடுவார்.”

சித்தாள் வேலை பார்த்த உடம்பு. சாயங்காலமானால் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். காலையில் எழுந்தால் அது எங்கே போனது என்றே தெரியாது. வலி அவ்வளவுதான். பன்னிரண்டு வருடம் என்பது அம்மா சொன்னது. கால் மரத்துப்போகும் என்பது மகள் சொந்தமாகச் சேர்த்தது. ஏதோ பத்திரிகையில் படித்திருந்தாள். சேர்த்தால் எடுப்பாக இருக்கும் என்று தோன்றியது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சேர்ந்து மூன்று மாதம்வரை, டாக்டர் கடந்து போகும்போதெல்லாம் அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மெதுவாக நிமிர்ந்திருக்கிறாள். அவர் கூப்பிடவில்லை. பிறகு அவளே அதை விட்டுவிட்டாள்.

இது ஏற்கனவே இருந்த நோய் என்றார் டாக்டர். பன்னிரண்டு வருட நோய்க்கு இங்கே நடந்தது என்று எப்படிக் கடிதம் கொடுப்பது? நாளைக்கு யாராவது கேட்டால் இந்தப் படிவத்தைத்தானே காட்ட வேண்டியிருக்கும்? அப்புறம் சுவரைக் காட்டினார். கனம் தூக்குகிற முறை அங்கே படம் போட்டு ஒட்டியிருந்தது. தினமும் அதைத் துடைத்தவளே அதைப் பார்க்கவில்லை என்றால் யார் என்ன செய்ய முடியும்?

அவள் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குண்டு எழுத்து. கல்லூரியில் எல்லோரும் மெச்சிய எழுத்து.

“சார், இதைப் படிச்சுட்டுத்தானே வேலைக்கு எடுத்தீங்க?”

“ஆமா. பாவம்னு எடுத்தேன்.”

“குனிய முடியாதுன்னு எழுதியிருக்கு. படிச்சுட்டு எதுக்கு சார் குனியுற வேலையைக் குடுத்தீங்க?”

மேனேஜர் அக்கா தன் காலணியைப் பார்த்தாள். டாக்டரின் விரல் ஏழாவது கேள்வியிலிருந்து மெல்ல எழுந்து மேசை விளிம்புக்குப் போனது.

பிறகு இன்னொரு தாள் வந்தது. அதுவும் அச்சடித்துத் தயாராக இருந்தது. அம்மாவுக்குப் பன்னிரண்டு முறை சிகிச்சை, இலவசமாக, டாக்டர் கையாலேயே. பதிலுக்கு, நோய் பழையது, வேலையில் வந்தது இல்லை என்று அம்மா கைநாட்டு வைக்க வேண்டும். குணமானதும் விளம்பரத்துக்கு ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். மகளுக்கும் வேலையில் ஒரு படி ஏற்றிக் கொடுப்பதாகச் சொன்னார். நசுங்கிய நரம்புக்குச் சொடக்கு எடுக்கக் கூடாது, ஆபரேஷன்தான் என்று ஆஸ்பத்திரியில் எழுதியே கொடுத்திருக்கிறார்கள் என்று அவள் சொன்னபோது, அவர்கள் எல்லாவற்றுக்கும் கத்தியைத்தான் எடுப்பார்கள் என்றார்.

“யோசிச்சுக்கோ. நோய் இல்லைன்னு நீ போய்ச் சொல்லி, பொய்யா எழுதிக் குடுத்து வேலை வாங்கினாங்கன்னு வெளிய வந்தா, எழுதினவளுக்குத்தான் அசிங்கம். நீ படிச்ச பொண்ணு.”

அவள் எழுந்து நாற்காலியை மேசைக்குள் தள்ளினாள்.

“அது பொய்தான் சார். நான் எழுதினதுதான். எதுக்கு எழுதினேன்னு தொழிலாளர் ஆபீஸ்ல நானே சொல்றேன். அசிங்கம் எனக்குத்தானே, பட்டுக்கறேன். அந்தத் தாளை மட்டும் பத்திரமா வெச்சிருங்க, கேப்பாங்க.”

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவர் சொல்வதற்கு முன்பே அவள் கதவைத் திறந்துவிட்டாள். மேனேஜர் அக்கா பின்னாலேயே வந்து முழங்கையைப் பிடித்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, வீட்டில் இரண்டு பேர் சம்பளமும் நின்றுபோனால் என்ன தின்பீர்கள், கைநாட்டை வைத்துக் கிடைக்கிறதை வாங்கிக்கொள்ளடி என்றாள். “நானும் மூணு வருஷமா கழுத்து வலியோட இந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கேன். வாயைத் திறந்தேனா?”

“திறங்கக்கா” என்றாள் அவள். “ஆபீஸ் அஞ்சு மணி வரைக்கும் இருக்கும். வரீங்களா?”

அக்கா கையை விட்டுவிட்டாள்.

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிப் பிளாஸ்டிக் முதுகெலும்பின் மேல் மாட்டிவிட்டு, பையை எடுத்தாள். பைக்குள் ஸ்கேனும் ஆஸ்பத்திரிச் சீட்டும் இருந்தன. காலையிலேயே எடுத்து வைத்ததுதான். மணி மூன்று பத்து. பேருந்தில் போனால் நாற்பது நிமிடம். சுருக்கமாக என்ன சொல்ல வேண்டும், முதலில் எதைச் சொல்ல வேண்டும் என்று மனசு வரிசை கட்டிக்கொண்டிருந்தது. முதலில் அந்தப் பொய்யைத்தான் சொல்ல வேண்டும்.

வாசலில் ஒருவரை உள்ளே அழைத்து வந்துகொண்டிருந்தார்கள். நல்ல உயரம், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. மதியம் சோபாவில் படுத்துப் படம் பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டதாம். இரண்டு பக்கமும் இரண்டு ஊழியர்கள் அவரைத் தாங்கியிருந்தார்கள். அவர்களுக்குக் கை ஒழியாததால் கண்ணாடிக் கதவை அவள்தான் பிடித்துக்கொண்டாள்.

“பார்த்து சார், படி. மெதுவா, மெதுவா. அவசரமே இல்லை. வலி பத்துக்கு எவ்வளவு இருக்கும் சார்?” என்றார் ஓர் ஊழியர்.

“ரெண்டு இருக்கும்” என்றார் அவர். கொஞ்சம் யோசித்தார். “ரெண்டரை வெச்சுக்கங்க.”

ஊழியர்கள் அவரை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அவர் உள்ளே போகிறவரைக்கும் நின்றுவிட்டு, அவள் கதவை விட்டுப் படியிறங்கினாள்.