சொந்தக் கார்டில் போடு

தாரிணி ஒரு நிதி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த சில நாளிலேயே, அவள் பெயர் பொறித்த கம்பெனி கிரெடிட் கார்டு வந்தது. ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டில் அதை முதலில் பரிசோதித்தவர் அப்பா நாராயணஸ்வாமி. பொதுத்துறை ஆலையின் விஜிலென்ஸ் பிரிவில் காலம் தள்ளியவர். ஓய்வு பெற்றது அவர்தான். அவருடைய சந்தேகம் இன்னும் பணியில் இருந்தது.

"ஓசியில கார்டு குடுக்கறானா? ஏன்?"

"ஆபீஸ் செலவுக்குப்பா."

"நக்கோ, வேண்டாம். ஆபீஸ் காசுல காப்பி குடிச்சவனையெல்லாம் என்கொயரியில பார்த்தவன் நான். எதுவானாலும் சொந்தக் கார்டுல போடு, அப்புறம் கேட்டு வாங்கிக்கோ. அதான் நாணயம்."

"ஹவ், ஆமா, அந்த நாணயத்தாலதான் லிஃப்ட் இல்லாத வீட்டுல முட்டி வலியோட ஏறிண்டிருக்கேன்" என்றாள் அம்மா கல்பகம்.

வியாழக்கிழமை துறைத் தலைவர் ராகவேந்திரா அவளைக் கூப்பிட்டார். வைஸ் பிரசிடென்ட். அந்தத் தளத்தில் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினால் ஏதாவது ஒரு வைஸ் பிரசிடென்ட் மேல் இடிக்கும். ஆனாலும் இவர் நடக்கும்போது முன்னால் யாரோ கொம்பு ஊதுவது போலவே இருக்கும். சென்னையில் படித்த தமிழ் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"இன்னிக்கு க்ளையன்ட் டின்னர், நீயும் வா. பில்லை உன் சொந்தக் கார்டுல போடு, பாயின்ட்ஸ் உனக்கு வரும். க்ளெய்ம் அனுப்பு, நானே அப்ரூவ் பண்றேன். ப்ரொபேஷன்ல இருக்கே, பெரியவங்க கண்ணுல படணும் இல்லையா?"

அவளுக்கு உறுத்தியது. அப்பாவும் ஒரு வைஸ் பிரசிடென்ட்டும் ஒரே வாக்கியத்தைச் சொன்னால், ஒருவர் ஏமாளி, இன்னொருவர் எத்தன். பயிற்சி வகுப்பில் கேட்டது நினைவுக்கு வந்தது. கம்பெனிக் கார்டைத் தேய்த்தால் மும்பைத் தலைமையகத்துக்கு உடனே தகவல் போகும். சொந்தக் கார்டுச் செலவோ ராகவேந்திராவின் ஒப்புதலோடு முடிந்துவிடும். மறுத்தால் வேலை நிரந்தரமாகாது. ஒத்துக்கொண்டு மாட்டினால், கார்டில் இருப்பது அவள் பெயர்.

போனாள்.

ஜூபிலி ஹில்ஸ் ஓட்டலில் க்ளையன்ட் வினய் இரண்டாவது தட்டு மீனில் இருந்தார். வியாபாரம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிரியாணி வந்ததும், "பாவா, அக்காவுக்கு ஒரு பார்சல் சொல்லட்டுமா?" என்று தெலுங்கில் கேட்டுவிட்டார். தெலுங்கில் அக்கா புருஷனைப் பாவா என்பார்கள். ராகவேந்திராவுக்குப் புரையேறியது.

பில் வந்தது. பிரசாதம் தருகிற கருணையோடு ராகவேந்திரா அதை அவள் பக்கம் நகர்த்தினார்.

தாரிணி சொந்தக் கார்டை எடுத்தாள், கூடவே போனையும். வினய்யிடம் திரும்பினாள்.

"க்ளெய்ம்ல விருந்தாளி விவரம் கேப்பாங்க சார். நீங்க எந்த கம்பெனி? அக்கா பார்சலை யார் பேர்ல போடட்டும்?"

வினய் கையில் எலும்போடு, இதென்ன என்பதுபோல் விழித்தார். "ஏமிட்டி பாவா இதி?"

"யார் பேரும் போட வேண்டாம்." ராகவேந்திராவின் குரல் இறங்கியிருந்தது. "குடு, நானே கட்டறேன்."

"கம்பெனிக் கார்டுலயா சார்?"

அவர் பல் பிடுங்கக் கொடுப்பவர் முகத்தோடு தன் சொந்தக் கார்டை மெஷினில் செருகினார். முதல் தடவை பின் நம்பர் தப்பாகப் போனது. பழக்கமில்லை, பாவம்.

தாரிணியின் வேலை சொன்ன தேதிக்கு முன்பே நிரந்தரமானது. ராகவேந்திரா அவளை வாயாரப் புகழ்ந்து, வேறு தளத்துக்கு அனுப்பிவைத்தார்.

ஒரு மாலை லிஃப்டில் அவர் பிரிவில் புதிதாகச் சேர்ந்த அச்யுத் பூரித்துப்போய் நின்றான். "இன்னிக்கு க்ளையன்ட் டின்னர் அக்கா! டீம்ல என்னை மட்டும்தான் கூப்பிட்டிருக்கார்."

"அப்படியா? டீ குடிச்சுட்டுப் போலாம், வா" என்று அவனைத் தன் தளத்திலேயே இறக்கிவிட்டாள்.