ஐம்பத்தாறு உறைகள்

“சீட்டாடப் போறேன்னு வெளிய சொல்லிடாதே நந்தினி. சர்ச்சுல ஒரு மாதிரி பாப்பாங்க.”

“இது காசு வெச்சி ஆடறது இல்ல ஆன்ட்டி. படம் போட்ட கார்டு. போட்டி வெச்சி பரிசு குடுக்கறாங்க.”

“அவனும் இதையேதான் சொல்வான்” என்றாள் சம்பூர்ணம். பீரோவிலிருந்து மகனின் கார்டுக் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொடுக்கவில்லை.

அவள் மகன் ஆல்வினும் நந்தினியும் மாதனூரிலிருந்து ஒரே கம்பெனி பஸ்ஸில் ஷூ ஃபாக்டரிக்குப் போய்வந்தவர்கள். அவன் தோல் தரம் பிரிப்பவன். அவள் தையல் பிரிவு. சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். போன வருடம் தகுதிப் போட்டியின் கடைசிச் சுற்றில் தோற்றான். “அடுத்த வருஷம் இந்தக் கட்டு பெங்களூரு ஃபைனலுக்குப் போவும், பாரு” என்றான். ஜனவரியில் மஞ்சள் காமாலை வந்து இறந்துபோனான்.

“நான் கொண்டு போறேன் ஆன்ட்டி. அவன் சொன்ன மாதிரி.”

“பின்னாடி தடவிப் பாரு.”

அறுபது கார்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் உறை. எல்லா உறையின் முதுகிலும், ஒரே மூலையில், பிறை போல ஒரு நகக்குறி.

“தோல் பாக்கற கை. நகத்தை வெச்சி அழுத்திப் பாக்காம எதையும் கீழ வைக்கமாட்டான். புது செல்போனைக்கூட அழுத்துனான்னா பாரேன்” என்று சிரித்தவள், சட்டென்று நிறுத்தினாள். “நான் தெனம் தொட்டுப் பாக்கறேன் நந்தினி. இப்படியே திருப்பிக் குடுக்கறதுன்னா எடுத்துனு போ.”

“இப்படியே குடுக்கறேன். ஆனா இந்த வருஷம் நாலு கார்டு செல்லாதுன்னுட்டாங்க. அத மட்டும் மாத்தணும்.”

“அந்த நாலையும் உறையோட என்கிட்ட குடுத்துடு.”

கொடுத்தாள். புதிதாக வாங்கிய நான்கு கார்டுகளை, ஆல்வின் வாங்கி மீந்திருந்த உறைகளில் போட்டாள். அவற்றில் நகம் வைக்க அவள் கட்டைவிரலும் போனது. அவன் குறிக்குப் பக்கத்தில் தன் குறி எதற்கு என்று கையை எடுத்துக்கொண்டாள்.

போட்டி காட்பாடியில், ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் நடந்தது. ஒரு சுற்றுக்கு மூன்று ஆட்டம். சாயங்காலத்துக்குள் ஐந்து சுற்று ஜெயித்தாள். ஆறாவதில் ஜெயித்தால் பெங்களூரு. எதிரே உட்கார்ந்தவன் ஆம்பூர் ஜியாவுதீன், காலேஜ் மாணவன்.

“ஆட்டத்துக்கு முன்னாடி ரெண்டு பேர் கட்டையும் பாக்கணும்” என்று வந்தார் நடுவர் ஷர்மிளா, சென்னைக்காரர். நந்தினியின் கட்டைக் கவிழ்த்து, கண்ணை மூடிக்கொண்டு மூலைகளைத் தடவினார். ஒரு கார்டைத் தனியே வைத்தார். பிறகு இன்னொன்று. நான்கு ஆனதும் திருப்பினார். அவள் போட்ட அதே நான்கு.

“இந்த நாலுல மட்டும் குறி இல்ல. பின்பக்கமா பாத்தாலே எது எதுன்னு தெரிஞ்சுடும். வேணும்னே செஞ்சீங்களா?”

“இல்லைங்க மேடம். மத்ததெல்லாம் என் ஃப்ரெண்டு வெச்சது.”

“அப்ப அவர் குறி வெச்சி ஆடுனாரா?”

நந்தினிக்கு முகம் சுட்டது. “அவன் அப்படிப்பட்டவன் இல்ல!”

ஜியாவுதீன் ஓர் உறையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். “மேடம், இது தோல் பாக்கற நகம். எங்க அத்தா டேனரியில தோல் பாக்கறவரு. எங்க வீட்டு சோபா பூரா இப்படித்தான் இருக்கும். அம்மா திட்டாத நாள் இல்ல. எல்லாத்துலயும் வெச்சா அது ஏமாத்து இல்ல மேடம், பழக்கம்.”

நடுவர் அந்த உறையை வாங்கித் தடவிப் பார்த்தார். “சரி, ஏமாத்துன்னு எழுதல. ஆனா உறை ஒரே மாதிரி இல்ல. அதுக்குத் தண்டனையா முதல் ஆட்டம் அவருக்கு. மூணுல மிச்ச ரெண்டையும் நீங்க ஜெயிக்கணும். அதுக்கு அறுபது உறையையும் மாத்தணும். பத்து நிமிஷம்.”

“இந்த நாலுலயும் நான் நகம் வெச்சிடறேனே?”

“உங்க நகமும் அவர் நகமும் ஒண்ணாம்மா?”

நந்தினி தன் கட்டைவிரலைப் பார்த்தாள். ஊசி வேலையில் தேய்ந்த சின்ன நகம்.

“மாத்தலன்னா?”

“ஆட முடியாது.”

“யோசிக்காதீங்க அக்கா” என்றான் ஜியாவுதீன் மெல்ல. “டைம் ஓடுது.”

வாசல் மேசையில் புது உறைப் பாக்கெட் வாங்கி வந்தாள். முதல் கார்டை உருவ அதிக நேரம் ஆயிற்று. பிறகு வேகமாக உருவினாள். குறியுள்ள உறைகளைத் தட்டையாக அடுக்கி, ஐம்பத்தாறும் இருக்கிறதா என்று எண்ணி, சாப்பாட்டு டப்பாவைத் துடைத்து அதற்குள் வைத்தாள். புது உறைகளில் கட்டு யாருடையது போலவும் இல்லை.

ஆட்டம் தொடங்கியது. கார்டு எடுக்கும்போதெல்லாம் அவள் கட்டைவிரல் மூலையைத் தேடிப் போனது. ஒரு தடவை நகத்தை அழுத்தவே போய்விட்டாள். அதன்பிறகு அந்த விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு நான்கு விரலாலேயே ஆடினாள். இரண்டாவது ஆட்டம் அவளுக்கு. மூன்றாவது இழுத்தது, கடைசியில் ஜியாவுதீன் தன் கார்டுகளைக் கவிழ்த்துவிட்டுக் கையை நீட்டினான்.

“மடக்கின விரலை இப்பவாச்சும் விடுங்க அக்கா.”

ரயில் நிலையத்துக்கு வெளியே நின்று போன் செய்தாள்.

“இன்னாமா ஆச்சு?”

“ஜெயிச்சிட்டேன் ஆன்ட்டி. பெங்களூரு போறோம்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். “அவன் கட்டுலயேவா?”

“கார்டு அவன்துதான். உறைய மாத்தச் சொல்லிட்டாங்க. மாத்துனாத்தான் ஆடலாம்னாங்க. மாத்திட்டேன் ஆன்ட்டி.”

ஒரு ரயில் வந்து நின்றது. போனை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“ஒண்ணு கூட தொலைக்கல. அம்பத்தாறும் டப்பாவுல இருக்குது. உங்ககிட்ட சொன்னபடி நடக்கல. திட்டுங்க.”

“குறி அழிஞ்சிதா?”

“இல்ல. அப்படியே இருக்குது.”

“டப்பாவை யார் கையிலயும் குடுக்காதே” என்றாள் சம்பூர்ணம். பிறகு, “சாப்டியா?”

“இல்ல ஆன்ட்டி.”

“வா. நேரா இங்க வா.”