ஒரு குழிக்கு மட்டும் மழை

மெக்கரம்மாவுக்கு அன்று காலையிலிருந்தே வேலைக்குப் போகவே மனமில்லை. கேபிளின் காப்பு உறுதியாக இருக்கிறதா, கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று மெக்கர் பெட்டியும் கையுமாகச் சோதிப்பது அவர் வேலை; பெயரும் அதிலிருந்து வந்ததுதான். இருபது வருடத்தில் யார் முகத்துக்காகவும் ஒரு புள்ளியை மாற்றி எழுதியதில்லை. ஆனால் அன்று சோதிக்கப்போன புது மருத்துவமனையில் மின்சார வேலை எடுத்துச் செய்தவர் வரப்போகும் சம்பந்தி. அவருடைய பையனுக்கும் மெக்கரம்மாவின் பெண்ணுக்கும் அடுத்த மாதம் கல்யாணம். வேறு ஆளை அனுப்பச் சொன்னதற்கு ஆபீசில் கையை விரித்துவிட்டார்கள்.

காண்ட்ராக்டர் நல்ல மனிதர்தான். என்ன, அவர் வேலையைக் குறை சொன்னால் மட்டும் ஆகாது. சுவிட்சுப் பலகை கோணல் என்று சொன்ன சொந்தத் தம்பியோடு ஆறு வருடமாகப் பேச்சில்லை. பலகை இன்றும் கோணல்தான்.

கேபிள் சோதனையில் முள் கடைசிவரை போய் நின்றது, பாஸ். காண்ட்ராக்டர் மாப்பிள்ளையின் அப்பாவுக்குரிய மிடுக்கோடு கொல்லைப்புறத்துக்கு வழிகாட்டினார்.

அங்கே இரண்டு மாதமாக மழையில்லாமல் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எர்த் குழியைச் சுற்றி மட்டும் செருப்பு புதையும் அளவுக்குச் சேறு. தூரத்தில் இரண்டு கம்பிகளை அடித்து அளந்தால் 0.8 ஓம். ஒன்றுக்குள் இருந்தால் பாஸ்; ஆனால் மண் ஈரமாக இருந்தால் ஓம் தானாகக் குறைந்து காட்டும்.

"வானம் உங்க குழிக்கு மட்டும் தனியா பெஞ்சிருக்கு போல," என்றார் மெக்கரம்மா.

காண்ட்ராக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு சொட்டுகூடத் தான் ஊற்றவில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். குழி போட்ட அன்றே தானே அளந்ததாகவும், அரை ஓம்கூட இல்லை என்றும் சொன்னார். என்றைக்கு என்று கேட்டால், அடைமழை நாளில். மழையில் எந்தக் குழியும் நல்ல பிள்ளைதான்.

அப்போதுதான் சுவரோரம் கிடந்த வாளி மெக்கரம்மாவின் கண்ணில் பட்டது. நீல வாளி, உடைந்த கைப்பிடியில் சிவப்பு இன்சுலேஷன் டேப். அந்த டேப்பைச் சுற்றியவரே அவர்தான். அது அவர் வீட்டுக் குளியலறை வாளி.

ஒதுங்கிப் போய்ப் பெண்ணுக்கு போன் போட்டார். முதலில் மழுப்பினாள், பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். போன வாரம் மாப்பிள்ளைப் பையன் அளந்தபோது 2.4 காட்டியிருக்கிறது. அப்பாவிடம் சொல்லப் பயந்து இவளிடம் சொல்லியிருக்கிறான். இன்று விடியற்காலையில் இரண்டு பேருமாக வாளியோடு வந்திருக்கிறார்கள்.

வாளியை மறைத்துவிட்டு 0.8 என்று எழுதினால் எல்லாருக்கும் நிம்மதி. மெக்கரம்மா ஒரு நிமிடம் உண்மையாகவே ஆசைப்பட்டார். பிறகு வாளியை எடுத்துவந்து காண்ட்ராக்டர் முன்னால் வைத்து, பெண் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"ஊத்தினது என் பொண்ணு. உங்களைச் சந்தேகப்பட்டது என் தப்பு. ஆனா பாஸ் போட மாட்டேன், உள்ள ஆபரேஷன் தியேட்டர் இருக்கு. கல்யாணம் நின்னா நின்னுட்டுப் போகட்டும்னு சொல்ல எனக்கு வாய் வரல. இருந்தாலும் போட மாட்டேன்."

காண்ட்ராக்டர் குழியோரம் குந்தி, சேற்றை விரலால் நசுக்கிப் பார்த்தார். பிறகு எத்தனை வாளி என்று கேட்டார்.

"பதினாலாம்."

"அவன் என்ன பண்ணானாம்?"

"யாராவது வர்றாங்களான்னு காவலுக்கு நின்னானாம்."

காண்ட்ராக்டரின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று மெக்கரம்மா பதறிப்போய்க் குனிந்தார். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"காயட்டும், அப்புறம் அளந்து உள்ளதை எழுதுங்க. ஓம் இறங்க, பக்கத்துலயே பத்தடி ஆழத்துக்கு இன்னொரு குழி போடணும், கல்யாணத்துக்கு முன்னாடி. அதை அவன் ஒருத்தனே வெட்டட்டும். இந்த வாட்டி உங்க பொண்ணு காவலுக்கு நிக்கட்டும், சம்பந்தி."