மாமியார் தோற்ற கேள்வித்தாள்

லைசென்ஸ் ஆபீசில் தேர்வுக்கான கேள்விகளை எழுதியவன் நான்தான். எட்டாம் வகுப்புகூடத் தாண்டாதவர்களுக்கு லைசென்ஸே தரக்கூடாது என்று வரிந்துகட்டிக்கொண்டு நின்றவனும் நான்தான். மேலிடம் அந்த விதியை எடுத்துவிட்டது. படிக்கத் தெரியாதவர்களுக்கு ஊழியர் ஒருவர் கேள்வியை வாசித்துக் காட்டினால் போதுமாம். எனக்கு வயிற்றெரிச்சல். கேள்வியிலாவது தரம் இருக்கட்டும் என்று நாற்பதையும் செந்தமிழில் தீட்டினேன். இத்தனைக்கும் எனக்கு வண்டி ஓட்ட வராது. மூன்று தடவை ஓட்டிக் காட்டப் போய், மூன்று தடவையும் கம்பத்தில் முட்டியவன்.

அந்த வருடம் என் மனைவி ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: மூன்று மாதம் தினமும் பயிற்சிக்கு வர வேண்டும், விட்டால் கால் அப்படியே இறுகிவிடும். ஆஸ்பத்திரியோ ஊரின் அந்தக் கோடியில். வாடகைக் கார்கள் ஒரு பள்ளத்தையும் விட்டுவைக்கவில்லை. நாலாம் நாள் அவள் வலி தாங்காமல், இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் அத்தை, அதாவது என் மாமியார், வந்து சேர்ந்தார். செடி வளர்த்து விற்கிறவர். இருபது வருடமாகத் தன் தோட்டத்துக்குள்ளேயே வேன் ஓட்டுகிறார். ஒரு தொட்டி சாய்ந்ததில்லை. ஆனால் ரோட்டுக்கு வர லைசென்ஸ் கிடையாது. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவர். லைசென்ஸ் எடுத்து மகளைத் தானே வேனில் கூட்டிப்போவதாகச் சொன்னார்.

"போர்டு படிக்கத் தெரியாம எப்படி அத்தை ஓட்டுவீங்க?" என்றேன்.

"போர்டுல படம்தானே மாப்பிள்ளை போட்டிருக்கு?"

தேர்வுக்குப் போனார். என்னோடு வேலை பார்க்கிறவர் வாசித்தார்: "வளைவினை அணுகுங்கால் ஊர்தியின் வேகத்தை மட்டுப்படுத்துதல் எதன்பொருட்டு?" அத்தை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாராம். நாற்பதுக்கு ஆறு.

வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கேட்டார்: "அந்தக் கேள்விய எழுதின மகராசன் யாரு மாப்பிள்ளை? பெத்த தாய்கிட்டயும் அவன் இப்படித்தான் பேசுவானா?"

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன். கட்டிலில் கிடந்தவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உங்க மாப்பிள்ளைதாம்மா அந்த மகராசன்!" சிரித்ததில் இடுப்பு வலித்து அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே என்னைப் பார்த்து, "நான் நடக்கணுங்க" என்றாள்.

மறுநாள் மேலதிகாரியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். "அவங்களுக்குப் பதில் தெரியும் சார். என் கேள்விதான் புரியல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாத்தி எழுதுங்க. ஆனா உங்க மாமியாருக்குத் தேர்வு நடக்கிற அன்னிக்கு நீங்க ஆபீஸ் பக்கமே வரக்கூடாது."

என் கேள்விகளில் இரண்டு முறை தோற்ற தண்ணீர் லாரிக்காரர் ஒருவர் வெளி பெஞ்சில் காத்திருந்தார். அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் அர்த்தம் சொல்லி, "இத நீங்க எப்படிக் கேப்பீங்க?" என்று கேட்டு எழுதிக்கொண்டேன். நாற்பதும் முடிய நாலு நாள் ஆயிற்று. என் படிப்பெல்லாம் அந்த நாலு நாளும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது.

"திருப்பம் வருது. வண்டிய ஏன் மெதுவாக்கணும்?" என்று இந்தத் தடவை அத்தையிடம் கேட்டார்களாம்.

"அந்தப் பக்கம் யாரு பெத்த புள்ள வருதுன்னு நமக்குத் தெரியுமா?" என்றாராம். நாற்பதுக்கு முப்பத்தெட்டு. ரோட்டில் ஓட்டிக் காட்டியதிலும் ஒரே தடவையில் பாஸ்.

மூன்று மாதமும் அத்தை ஒரு நாள் தவறவில்லை. பள்ளம் வருவதற்கு முன்பே "பிடிச்சுக்கம்மா" என்பார். வேன் அதில் இறங்கியதே தெரியாது. பின்சீட்டில் மனைவியின் கையைப் பிடித்தபடி நான் தினமும் மனசுக்குள் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே போவேன்.

கடைசி நாள் ஆஸ்பத்திரி வாசலில் அவள் தானே கதவைத் திறந்து காலை ஊன்றினாள். நான் பதறிப்போய்க் கையை நீட்டினேன்.

"விடுங்க மாப்பிள்ளை. அவ போவா."

போனாள். கைப்பிடியைத் தொடாமல் ஆறு படியும் ஏறினாள்.

"அத்தை, அவ காலை நீங்கதான் திருப்பிக் குடுத்தீங்க" என்றேன்.

அத்தை வண்டியை ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அழுதார்.