குண்டுக்கு வைத்த பொட்டு

விமானத்தின் இறக்கையில் தொங்கும் குண்டைக் கழற்றிவிட்டால் மட்டும் போதாது. காற்று அதைத் தூக்கி இறக்கையிலேயே மோதவிடும். அதனால் முன்னும் பின்னும் இரண்டு பிஸ்டன்கள் அதைக் கீழ்நோக்கி உதைத்துத் தள்ளும். குண்டின் மூக்கு சற்றுத் தாழ்ந்தபடி போனால் வெற்றி.

அந்த உதையைச் சோதிப்பதுதான் ஒரகடம் தொழிற்சாலையில் என் வேலை. பிஸ்டன்களின் வால்வைப் பொருத்துபவர் இசக்கிதுரை. வள்ளியூர்க்காரர், கான்ட்ராக்ட் ஆள். இந்தச் சோதனையும் தோற்றால் அவரை மாத முடிவில் அனுப்பிவிடுவதாக மேனேஜர் தணிகாசலம் சொல்லியிருந்தார். இசக்கிதுரை போய்விட்டால் எனக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது என்பதை நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

எம்.இ. படித்தவள் செய்யவேண்டியதைச் செய்தேன். காலையில் வல்லக்கோட்டை முருகனிடம் வேண்டிக்கொண்டு, யாரும் பார்க்காதபோது டம்மி குண்டின் மூக்கில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

பட்டனை அழுத்தியதும் 'டப்' என்ற சத்தத்தோடு குண்டு மணல் தொட்டியில் விழுந்தது. கேமரா படத்தை அலசிய கம்ப்யூட்டர், மூக்கு மேலே தூக்கியது என்றது.

"இன்னாய்யா இது, குண்டு மேல பாத்துகினு போவுது?" என்றார் தணிகாசலம்.

"வால்வ சரியாத்தான் வச்சேன் சார்."

நான் சும்மா இருந்திருக்கலாம். போர்டில் அம்புக்குறியெல்லாம் போட்டு, பின் பிஸ்டன் ஏன் முந்தியிருக்கும் என்று விளக்கினேன். அவரைக் காப்பாற்றுவதாகத்தான் நினைப்பு. பேசப் பேச, தப்பு அவருடையது என்று நானே நிரூபித்துக்கொண்டிருந்தேன்.

இசக்கிதுரை படத்தை மெதுவாக ஓட்டினார். "மேடம், இங்க பாருங்க. குண்டு கீழ போயிட்டு. மஞ்சளா ஒண்ணு மட்டும் அந்தரத்துல நிக்கி."

காய்ந்த சந்தனம். உதைத்த வேகத்தில் உதிர்ந்து காற்றில் நின்றிருக்கிறது. குண்டில் ஒட்டிய கறுப்பு வெள்ளை வட்டங்களில் மூக்கில் இருந்ததைத் தொடரவேண்டிய கம்ப்யூட்டர், என் பொட்டைத் தொடர்ந்திருக்கிறது.

"யார்ரா குண்டுக்குப் பொட்டு வெச்சது?"

இசக்கிதுரை என் மஞ்சள் நகங்களைப் பார்த்தார். "நான்தான் சார்."

"பொய் சார்," என்றேன். "நான்தான் வெச்சேன். இவர அனுப்பக் கூடாதுன்னு முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன்."

கம்ப்ரஸர்கூட அந்த நேரம் பார்த்து நின்றுவிட்டது.

"முருகன் ஏம்மா? நான் இங்கதானே கீறேன், என்கிட்ட சொல்றதுக்கு இன்னா?" தணிகாசலம் தலையில் கைவைத்தார். "மத்த வட்டத்த வெச்சு கணக்கு போடு."

போட்டேன். மூக்கு அழகாகத் தாழ்ந்திருந்தது. "இவன் இருக்கட்டும். சந்தனத்த உள்ள வுடாதீங்க," என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

"மேடம், எதுக்கு வேண்டுனீய?" என்றார் இசக்கிதுரை, சிரிக்காமல்.

"வால்வு... உங்களாட்டம் யாரும் செட் பண்ண மாட்டாங்க."

"வால்வுக்கா?"

"இல்ல."

"அப்ப டீ குடிச்சிக்கிட்டே சொல்லுங்க. போர்டு வேண்டாம்."