முடிவு பண்ணலன்னு போடு

மார்லிஸும் கார்பினும் அமெரிக்காவின் டுலூத் நகரத்து ஸ்கேட்டிங் அரங்கில் சனி, ஞாயிறுகளில் வேலை பார்த்தார்கள். வாடகைக்குப் போய்த் திரும்பும் ஷூக்களைத் துடைத்து, மருந்தடித்து, அளவுவாரியாக அடுக்கும் வேலை. இருவருக்கும் பள்ளியில் கடைசி வருஷம். ஒரே பல்கலைக்கழகத்தில் நர்சிங் படிக்க இருவருக்குமே ஆசை.

"விண்ணப்பத்துல நர்சிங்னு போடாதடி" என்றான் கார்பின். "எல்லாரும் அதுக்குத்தான் முட்டி மோதுவாங்க. என்ன படிக்கிறதுன்னு இன்னும் முடிவு பண்ணலன்னு போட்டு உள்ள நுழைஞ்சிடு. முதல் வருஷம் முடிஞ்சதும் மாத்திக்கலாம்."

"நீயும் அப்படித்தான் போடப் போறியா?"

"பின்ன?" என்றவன் குனிந்து ஷூவுக்கு மருந்தடித்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்லிஸின் அப்பா லென், துறைமுகத்தில் கப்பலுக்கு இரும்புத்தாது ஏற்றுகிறவர். ராத்திரிச் சாப்பாட்டில் அவள் இதைச் சொன்னதும் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"அவனுக்கும் அதே சீட்டுதான வேணும்?"

"ஆமாப்பா."

"அப்ப உனக்கு எதுக்கு வழி காட்டுறான்?"

அந்தக் கேள்வி அவளுக்குள் இறங்கிவிட்டது. அதன் பிறகு கார்பின் என்ன செய்தாலும் அதற்கு ஓர் உள்நோக்கம் தெரிந்தது. அவள் பக்கத்தில் வந்தால் போனைக் கவிழ்த்து வைக்கிறானே, ஏன்? "அனுப்பிட்டியா, அனுப்பிட்டியா" என்று எதற்கு நச்சரிக்கிறான்? பிறகு நர்சிங்குக்கு மாற முடியுமா என்று பல்கலைக்கழகத்துக்கு போன் போட்டுக் கேட்டாள். மறுமுனைப் பெண், "மாறலாம், இடம் இருந்தா" என்றாள். பொதுவாக இடம் இருக்குமா என்று கேட்டதற்கு, "அத நான் சொல்ல முடியாதும்மா" என்றாள். அதுவும் மார்லிஸுக்குச் சரியாகப் படவில்லை.

நர்சிங் என்றே போட்டு அனுப்பினாள். கார்பினிடம், "நீ சொன்ன மாதிரியே போட்டுட்டேன்" என்றாள்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. தன் பொரித்த சீஸில் பாதியை அவள் தட்டில் தள்ளினான். போட்டிக்கு ஓர் ஆள் குறைந்த சந்தோஷம் என்று அவள் நினைத்துக்கொண்டே தின்றாள்.

வசந்தத்தில் இருவருக்கும் இடம் கிடைத்தது. எதில் கிடைத்தது என்று அவள் சொல்லவில்லை. அவனையும் கேட்கவில்லை.

கோடையில் புது மாணவர்களைக் கூப்பிட்டிருந்த நாளில், படிப்பு முடிவு செய்யாதவர்களின் வரிசையில் கார்பின் நின்றிருந்தான். கையை ஆட்டி, "இங்க வா, இடம் பிடிச்சு வச்சிருக்கேன்" என்றான். அவள் கழுத்தில் தொங்கிய அட்டையில் நர்சிங் என்று இருந்ததை அவள் கிட்டே வந்த பிறகுதான் பார்த்தான்.

"அதுக்குள்ள மாத்திக் குடுத்துட்டாங்களா?"

"இல்ல. நான் மொதல்லயே இதத்தான் போட்டேன்."

"எங்கிட்ட வேற சொன்ன?"

"நீ என்னைக் கழட்டி விடப் பாக்குறன்னு நெனச்சேன்."

கார்பின் அவள் அட்டையை இன்னொரு முறை படித்தான். "சரி, நான் சொன்னது தப்பான யோசனைன்னு உனக்குத் தோணியிருக்கு. அப்ப என்னை ஏன் அப்படிப் போட விட்ட?"

"நீ அப்படிப் போட மாட்டன்னு நெனச்சேன்" என்றாள். சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. வரிசை நகர்ந்தது. அவன் அதோடு நகர்ந்து போய்விட்டான்.

ஒரு வருஷம் கழித்து அவன் மாறக் கேட்டபோது நர்சிங்கில் இடம் இல்லை. பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு, ஊரிலேயே ரெண்டு வருஷ நர்சிங் படிப்பில் சேர்ந்தான். அவள் பட்டம் வாங்கும் முன்பே அவனுக்கு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது.

அவள் பட்டம் வாங்கிய அன்று அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "வாழ்த்துகள். எங்க வார்டுல ஆள் எடுக்குறாங்க, போட்டுப் பாரு."

மார்லிஸ் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எதற்காகச் சொல்கிறான் என்று யோசித்தாள். யோசிக்கிற தன்னை நினைத்து அருவருப்பாக இருந்தது. ஆனாலும் யோசனை நிற்கவில்லை.