எழுபத்தைந்து வாட்

அந்த அறைக்கு இரண்டு கதவுகள். முதற்கதவைத் திறந்து நுழைந்து, அதை மூடிய பின், நடுவிலுள்ள சிற்றிடத்தில் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். வெளியிலிருந்து உடலோடு ஒட்டிவந்த வெயிலும் குளிரும் அங்கே உதிர்ந்த பிறகே இரண்டாம் கதவைத் தொடலாம். உள்ளே ஆண்டு முழுவதும் ஒரே பருவம். காரும் இல்லை, கூதிரும் இல்லை, இளவேனிலும் முதுவேனிலும் இல்லை. இருபது பாகை மட்டுமே உண்டு.

தொழிற்சாலைகள் தம் அளவுகோல்களைச் சரிபார்க்க அங்கே அனுப்பும். எஃகு பார்வைக்குத்தான் வன்னெஞ்சம் படைத்தது. வெம்மை பட்டால் நெகிழ்ந்து நீண்டுவிடும். ஒரு மீட்டர் நீளக் கோல் ஒரு பாகை சூடேறினால் தலைமயிரின் தடிமனில் ஆறிலொரு பங்கு வளரும். ஓர் எந்திரத்தைக் கெடுக்க அது போதும். ஆகவே வந்த கோலை அறையில் ஒப்பீட்டுக்கென்று இருக்கும் நிலைக்கோலுக்கு அருகே கருங்கல் மேடைமேல் கிடத்தி, ஒரு முழு நாள் தொடாமல் விட்டுவிடுவார்கள். ஒரே காற்றில் கிடந்து கிடந்து இரண்டும் ஒரே வெப்பநிலையை அடைந்த பின்தான் அளவு.

கல்லையும் எஃகையும் அடக்கிவிடலாம். அடங்காத அடுப்பு மனித உடல்தான். அவ்வறையில் பதினாறு ஆண்டுகளாக இரண்டு அடுப்புகள் எரிந்தன. ஒன்று அவள், அளவையாளர். மற்றொன்று அவளைவிட ஒன்பது வயது மூத்த தலைமை அளவையாளர். யார் அவசரப்படுத்தினாலும் "முதல்ல இருபதுக்கு வரட்டும்" என்று சொல்லும் வழக்கத்தால், கட்டடம் முழுவதும் அவருக்கு 'இருபது சார்' என்று பெயர்.

அவள் வேலைக்குச் சேர்ந்த ஆண்டிலேயே அவர் இரு உடல்களின் வெப்பத்தையும் அளந்துவிட்டார். கறுப்பு வண்ணம் பூசிய தகர டப்பாவுக்குள் குண்டு பல்பைப் பொருத்தி, ஆள் எழுந்த நாற்காலியில் வைத்து, வெப்பமானியின் முள் எப்போது அசையாமல் நிற்கிறதென்று பார்த்தார். அவருக்கு அறுபது போதவில்லை, நூறு மிஞ்சியது, எழுபத்தைந்து கச்சிதமாகப் பொருந்தியது. அவளுக்கு அறுபதே போதுமாயிருந்தது.

"என்னைவிட உங்களுக்குப் பதினஞ்சு வாட் கம்மி. ஒழுங்கா சாப்பிடுங்கம்மா," என்றார்.

"உங்களுக்குத்தான் சார் அதிகம். அந்தப் பதினஞ்சும் கோபம்."

"கோபத்தை வீட்டுலயே இறக்கி வெச்சுட்டுத்தான் வர்றேன். வேணும்னா வீட்டம்மாவைக் கேளுங்க."

அன்றிலிருந்து யார் வெளியே போனாலும் அவரவர் நாற்காலியில் அவரவர் விளக்கு எரியும். இருவர் வெப்பத்துக்கென்று அமைக்கப்பட்ட குளிர்சாதனத்துக்கு வித்தியாசம் தெரியாது. காலையும் மாலையும் நிரப்பும் பதிவேட்டில் 'அறையில் ஆட்கள்' என்றொரு கட்டம் உண்டு. ஒருவர் டீ குடிக்கப் போயிருந்தாலும் அதில் 2 என்றே எழுதுவார்கள். விளக்கு எரிந்தால் ஆள் இருப்பதாகவே பொருள் என்பது அவர்களுக்குள் இருந்த எழுதப்படாத வழக்கம். பேச்சிலும் மூச்சு வெப்பம் உண்டென்பதால் பேச்சும் அளவுதான். ஒரு நாளைக்கு இருபது வாக்கியம் இருந்தால் மிகுதி. அந்த மௌனத்தில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

பதினான்கு மாதங்களுக்கு முன் ஒரு நாள், பதினொன்று பத்துக்கு, அவர் மார்பைத் தடவியபடி எழுந்தார். "என்னமோ மாதிரி இருக்கும்மா. ஒரு டீ குடிச்சுட்டு வந்துடறேன். விளக்கைப் போட்டுடுங்க."

அவள் போட்டாள். அவர் தாழ்வாரத்துப் பெஞ்சு வரை போனார். அதற்கு மேல் போகவில்லை.

சாவு வீட்டில் எந்த வரிசையில் நிற்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. அழுவதற்கு ஓர் உறவுமுறை வேண்டுமல்லவா? அவளிடம் அது இல்லை. அலுவலகக் கூட்டத்தோடு சுவரோரம் நின்றாள். அவருடைய மனைவி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து, அவள் கையைப் பற்றினார்.

"நீங்கதானா அந்த அறுபது வாட்டு?"

அவள் தலையசைத்தாள். அந்த அம்மாள் சிரிக்க முயன்று, முடியாமல் அழுதார். அவளோ அழாமல் பஸ் ஏறினாள்.

"ரெண்டு மாசத்துல வேற ஆள் போட்டுடலாம்மா. அதுவரைக்கும்தான் விளக்கு இருக்கே," என்று ஆய்வகத் தலைவர் சொன்னார். ஆள் வரவில்லை. விளக்கு இருந்தது. பதிவேட்டில் அந்தக் கட்டம் வரும்போதெல்லாம் அவள் கை 2 என்று எழுதியது. விளக்கு எரிகிறதே என்று முதல் சில நாள்கள் மனம் காரணம் சொன்னது. பிறகு காரணமும் தேவைப்படவில்லை.

அவளுக்கு வீடென்பது ஒரு மாடி அறை. ஒருவருக்கு வடித்த சோறு தட்டில் போட்டுத் திரும்புவதற்குள் ஆறிவிடும். சிறிய பொருள் சீக்கிரம் குளிரும் என்பதை இயற்பியலில் படித்தவள், அதற்காக யாரையும் நொந்துகொண்டதில்லை. காலையில் இரண்டாம் கதவைத் திறந்து, தன் நாற்காலி விளக்கை அணைத்துவிட்டு உட்காரும்போது, பக்கத்துத் தகர டப்பாவிலிருந்து வரும் மெல்லிய வெதுவெதுப்பு அவளது இடக்கையைத் தொடும். அவளுக்கு நாள் அங்கேதான் விடிந்தது.

குண்டு பல்பு ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை உயிரை விட்டது. கடைகளில் இப்போது கிடைப்பவை வெளிச்சம் தரும், சூடு தராது. "சூடு வேணும்னா அடுப்பு வாங்குங்கம்மா," என்று கடைக்காரர்கள் சிரித்தார்கள். ஸ்டோர்காரர் எங்கெங்கோ தேடிப் பழைய சரக்கைப் பிடித்துவருவார். கொடுக்கும்போது, "அணையாவிளக்குக்குத் திரி வந்தாச்சு!" என்று கூவாமல் கொடுக்கமாட்டார்.

தணிக்கையாளர் வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. ஆய்வகத் தலைவரின் மேசையில், மூக்கில் கைக்குட்டையை ஒற்றியபடி பதிவேட்டைப் புரட்டியவர், ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"ஆட்கள் ரெண்டுன்னு இருக்கு. கையெழுத்து ஒண்ணுதான் இருக்கு. இன்னொருத்தர் யாரு?"



"வெளியே போயிருக்கார் சார்," என்றாள் அவள். பதினாறு ஆண்டுப் பழக்கத்தில் நா முந்திக்கொண்டது.

"எங்கே?"

"டீ குடிக்க."

தணிக்கையாளர் பக்கங்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனார். இரண்டாம் கையெழுத்து இருந்த கடைசிப் பக்கத்தில் நிறுத்தினார்.

"பதினாலு மாசமாவா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள்: நாற்காலி, டப்பா, எழுபத்தைந்து, அறுபது. தான் எழுதியது தவறென்பதையும் சொன்னாள். ஏன் எழுதினாள் என்பதை மட்டும் சொல்லத் தெரியவில்லை.

"இது பொய்ப் பதிவும்மா," என்றார் அவர். குரலில் கடுமை இல்லை, அதுவே அச்சுறுத்தியது. "ஆள் கணக்கு பொய்னா, பக்கத்துல இருக்கற வெப்பநிலையை மட்டும் நான் எப்படி நம்பறது? இந்தப் பதினாலு மாசத்துல குடுத்த சான்றிதழ் அத்தனையையும் திருப்பி வாங்கச் சொல்லணும்."

முந்நூற்று நாற்பது சான்றிதழ்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் காத்திருந்து, மூச்சை அடக்கி, அவள் தன்னந்தனியாக எடுத்த அளவுகள். வேலை போனாலும் போகட்டும். அந்த அளவுகள் பொய்யென்று ஆவதை அவளால் தாங்க முடியாது. தாங்கமாட்டாமல்தான் அவள் வாய் அதைச் சொன்னது:

"அந்த விளக்கை அணைச்சுப் பாருங்க சார். அறை இறங்கும். இவ்வளவு நாளா அது எரிஞ்சதுக்கு அதுதான் சாட்சி."

சொன்ன பிறகே சொன்னது என்னவென்று புரிந்தது.

"நீங்களே அணைங்க," என்றார் அவர்.

பத்து மணிக்கு அணைத்தாள். இருவரும் சுவரில் இருந்த வெப்பநிலை வரைபடக் கருவியைப் பார்த்து நின்றார்கள். அறையின் ஆள்கணக்கு மாறாதிருக்க, அவள் உள்ளே நிற்க, அவர் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியிலிருந்து பார்த்தார். கால் மணிநேரம் ஒன்றும் நிகழவில்லை. டப்பாவும் நாற்காலியும் தம்மிடம் சேர்ந்திருந்த வெம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துக்கொண்டிருந்தன. அதன்பின் பேனா முனை, யாரோ மெல்ல எழுந்து போவதைப்போல், கீழே சரியத் தொடங்கியது. 19.99. அவள் கைகளைக் கட்டிக்கொண்டாள். 19.98. பிரிவு சுடும் என்று அகப்பாடல்கள் பாடும். இவ்வறையில் பிரிவு குளிர்ந்தது. எவ்வளவு குளிர்ந்தது என்று எண்ணாலும் சொல்ல முடிந்தது. நண்பகலில் முனை 19.97-இல் நின்றது. ஒரு பாகையில் நூற்றில் மூன்று பங்கு. அவர் இல்லாமையின் மொத்த அளவு அவ்வளவுதான். அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு அவள் இரண்டு மணிநேரம் நின்றிருந்தாள்.

தணிக்கையாளர் பழைய வரைபடச் சுருள்களை வாங்கி மேசைமேல் விரித்தார். பதினான்கு மாதக் கோடு, உழுது பரம்படித்த வயலைப்போல் சமமாக ஓடியது. ஒன்பது இடங்களில் மட்டும் சிறு பள்ளம். ஒவ்வொன்றின் ஆழமும் நூற்றில் மூன்று.

"இதெல்லாம் என்ன?"

"பல்பு போன நாள் சார். அன்னைக்கெல்லாம் எதையும் அளக்கலை. சான்றிதழ் தேதியோட ஒத்துப் பாருங்க."

ஒத்துப் பார்த்தார். அளக்கவே இல்லை. "ஆள் இருந்திருந்தா இந்தப் பள்ளம் விழுந்திருக்காது," என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். "மனுஷன் ஃப்யூஸ் போக மாட்டானே."

"போவாங்க சார்," என்றாள் அவள்.

அவர் சுருள்களைச் சுருட்டி வைத்தார். பிறகு, "சரி, விளக்கைப் போடுங்க," என்றார்.

"பாதிதான் முடிஞ்சிருக்கு சார். விளக்கு ஆளுக்குச் சமம்னும் தெரியணும். நீங்க வந்து அந்த நாற்காலில உட்காருங்க."

பதினான்கு மாதங்களாக யாரும் உட்காராத நாற்காலி அது. டப்பாவைத் தூக்கித் தரையில் வைத்தாள். தணிக்கையாளர் இரு கதவுகளுக்கும் இடையில் ஐந்து நிமிடம் நின்று, உள்ளே வந்து, பள்ளிக்கூடத்துப் பையனைப்போல் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்தார். நாற்காலி முனகியது. அந்த முனகலை அவள் மறந்தே போயிருந்தாள். விளக்குக்கு எடை கிடையாது.

முனை ஏறியது. 19.98. 19.99. ஒன்றரை மணிநேரத்தில் 20.00. அவள் மூச்சு விட்டாள். ஆனால் முனை நிற்கவில்லை. இன்னும் ஒரு மயிரிழை ஏறி, 20.01-இல் போய் ஒட்டிக்கொண்டது.

"என்னம்மா, தப்பா?"

"இல்ல சார். உங்களுக்குக் காய்ச்சல் இருக்கு."

அவர் புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். "மூணு நாளா ஊர் ஊரா லாட்ஜ்ல தங்கறேன். ஒருத்தரும் கவனிக்கலை," என்றார். வரைபடக் கருவியைக் காட்டி, "உங்க ரூம் கவனிச்சுடுச்சு."

"மாத்திரை இருக்கு சார். தரட்டுமா?"

"அவர் இருந்தப்பவும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பீங்களா? பேசாம?"

"ஆமா சார்."

தணிக்கையாளர் மாத்திரையை வாங்கிக்கொண்டார். முடிவை மாலையில் எழுதினார். அளவுகள் செல்லும், சான்றிதழ்கள் நிற்கும். பொய்ப் பதிவுக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. பதிவேட்டின் ஒவ்வொரு தவறான வரியும் அவள் கையாலேயே திருத்தப்பட வேண்டும்.

"முறை தெரியும் இல்லம்மா? அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல சரியான எண்ணை எழுதி, சின்னக் கையெழுத்து. அடிச்ச எண் கீழே படிக்கத் தெரியணும்."

"தெரியும் சார். அவர் சொல்லிக் குடுத்ததுதான்."

தணிக்கையாளர் போனதும் அவள் டப்பாவை மீண்டும் நாற்காலியில் வைத்து விளக்கைப் போட்டாள். குளிர்சாதனத்துக்கு அது வேண்டியிருந்தது. பிறகு பதிவேட்டை எடுத்தாள். அது அன்றைய பக்கத்தில் திறந்திருந்ததால் அங்கிருந்தே பின்னோக்கித் தொடங்கினாள். 2-இன் மேல் ஒரு கோடு, பக்கத்தில் 1, 'விளக்கு' என்றொரு குறிப்பு, கையெழுத்து. அடுத்த வரி. அடுத்த வரி. அன்று முடியவில்லை, செவ்வாயும் முடியவில்லை. மாதங்கள் பின்னால் நகர நகர, ஒவ்வொரு கோட்டுக்கும் அவர் அரைநாள் அருகில் வந்துகொண்டிருந்தார்.

புதன்கிழமை பிற்பகல், அவர் டீ குடிக்கப் போன நாளின் பக்கம் வந்தது. மாலைப் பதிவு அவளுடையது. அன்று அறையைப் பூட்ட வந்தபோது எழுதியது. எழுத்து கோணியிருந்தது. முதல் பொய். அதன்மேல் கோடு போட்டாள். 1 என்று எழுதினாள்.

அதற்கு மேல்வரி காலைப் பதிவு. மணி ஒன்பது. வெப்பநிலை 20.00. ஆட்கள் 2. எண் அவர் கையால் எழுதியது; அதன் வால் சற்று நீண்டு அடுத்த கட்டத்தைத் தொட்டிருந்தது. அருகருகே இரண்டு கையெழுத்துகள்.

பேனா அந்த எண்ணின் மேல் சற்று நேரம் நின்றது. பிறகு அவள் அதை மூடி வைத்தாள். அந்த வரியில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை.